அரைப்பேர் போடாத ஆலயம்



வேதாகமத்தை நாள்தோறும் வாசிப்பவர்கள்கூட விரைந்து தாண்டிச் செல்லும் பகுதிகள் சில உண்டு. திருத்தூதர் பவுல் உரோமைத் திருச்சபைக்கு எழுதிய மடலின் பதினாறாம் அதிகாரம் அவற்றுள் ஒன்று. உயர்ந்த இறையியல் உண்மைகளைப் பதினைந்து அதிகாரங்களில் விளக்கிய பவுல், இறுதியில் பெயர்களை அடுக்கத் தொடங்குகிறார். கெங்கிரேயா சபையின் ஊழியரான பெபேயாளை முதலில் அறிமுகப்படுத்துகிறார். தமக்காக உயிரையே கொடுக்கத் துணிந்த பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா தம்பதியரை நினைவுகூர்கிறார். திரிபேனாள், திரிபோசாள், பெர்சியாள் ஆகிய பெண்களின் உழைப்பைப் பாராட்டுகிறார். சபை கூடுவதற்குத் தம் வீட்டைத் திறந்துவிட்ட காயுவும், நகரத்துப் பொருளாளரான ஏரஸ்துவும் அங்கே இடம்பெறுகின்றனர். பவுல் சொல்லச் சொல்ல மடலை எழுதிய தெர்தியு என்பவரும் தம் வாழ்த்தைத் தம் பெயராலேயே சேர்த்துக்கொள்கிறார்.

இன்றைய வழக்கில் சொல்வதானால், இது ஒரு பங்கின் குருக்களையும் பணியாளர்களையும் பொதுநிலைத் தலைவர்களையும் அறிமுகம் செய்யும் பக்கம். விசுவாசத்தின் ஆழங்களைப் பேசிய அதே எழுதுகோல், கதவைத் திறந்தவரின் பெயரையும் எழுத்துவேலை செய்தவரின் பெயரையும் விட்டுவிடவில்லை. இந்த வாரம் ஊவா மலைச்சாரலிலுள்ள நமது ஆலயங்களை இந்த அதிகாரத்தின் வெளிச்சத்தில் பார்ப்போம்.

பேரும் அரைப்பேரும்

மலையகத் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குப் ‘பேர்’ என்னும் சொல்லின் பொருளை விளக்கத் தேவையில்லை. விடியற்காலையில் பிரட்டுக்களத்தில் கூடி, வேலைக்குச் சென்று, குறிக்கப்பட்ட நிறைக்குக் கொழுந்து பறித்தால் அன்றைக்கு ஒரு பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்து, அட்டைக்கடி தாங்கி, செங்குத்தான மலையில் பொழுதெல்லாம் நின்றவளுக்கும் மாலையில் தராசு காட்டும் கணக்கே முடிவானது. அரைப்பேர் என்றால் அரைநாட் கூலி என்பது கணக்கேட்டின் பொருள். ‘நீ இன்று முழு ஆள் அல்ல’ என்பது அதைக் கேட்பவரின் மனத்தில் பதியும் பொருள்.

நமது ஆலயங்களில் உழைப்பவர்களுக்கு நாம் எத்தகைய பேர் போடுகிறோம்?

ஆலய முகப்புக்குச் சென்று பாருங்கள். பல ஆலயங்களில், பணியாற்றிச் சென்ற பங்குத்தந்தையரின் அல்லது குருவானவர்களின் பெயர்கள் ஆண்டுகளுடன் பலகையில் பொறிக்கப்பட்டிருக்கும். அது நல்ல வழக்கம், நன்றியின் அடையாளம். ஆனால் குருவானவர் வராத ஞாயிறுகளில் வழிபாட்டை நடத்தியவர், இறந்தவரின் வீட்டில் முதலாவது செபத்தைச் சொன்னவர், மணி அடித்தவர், பீடத் துணிகளைத் துவைத்து மடித்தவர் ஆகியோரின் பெயர்கள் எங்கே? அவர்களுக்கு நாம் அரைப்பேர்கூடப் போட்டதில்லை.

மலைகளுக்கிடையே ஒரு மறைமாவட்டம்

ஊவா மாகாணம் பதுளை, மொனராகலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்டது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை எனப் பரந்து கிடக்கும் மலைத்தொடர்களில் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பகுதியினர் இந்திய வம்சாவளித் தமிழர் எனப் பதிவு செய்யப்பட்ட மலையக மக்கள். அவர்களுட் பெரும்பான்மையோர் இந்துக்கள். கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர். அவர்களும் ஒரே இடத்தில் இல்லாமல் ஒரு தோட்டத்தில் பத்துக் குடும்பம், மறு தோட்டத்தில் ஐந்து குடும்பம் எனச் சிதறி வாழ்பவர்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையின் பதுளை மறைமாவட்டம் 1972ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கண்டி மறைமாவட்டத்திலிருந்து பிரித்து உருவாக்கப்பட்டது. அதன் முதல் ஆயரின் வருகை இன்றும் சிந்திக்கத் தக்கது. அப்போது கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, வசதிகளும் பெரும் கல்லூரிகளும் நிறைந்த கண்டியை விட்டு, வறிய புதிய மறைமாவட்டத்துக்குத் தாமே வந்து சேர்ந்தார். 1982இல் இறைவனடி சேரும்வரை அங்கேயே பணிபுரிந்தார். குருமாணவர்கள் மக்களின் வாழ்விலிருந்து விலகி வளரக்கூடாது என்னும் எண்ணத்துடன் பண்டாரவளையில் ‘சேவக செவன’ என்னும் பயிற்சி இல்லத்தை அவர் ஆரம்பித்தார். அங்கு பணியாற்றிய அமலமரித் தியாகிகள் சபைக் குரு மைக்கல் ரொட்ரிகோ, 1980இல் புத்தல பிரதேசத்தின் சிங்கள பௌத்தக் கிராமம் ஒன்றில் எளிய இல்லம் அமைத்து ஏழை விவசாயிகளோடு வாழ்ந்தார். 1987ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி, திருப்பலி நிறைவேற்றிக் கொண்டிருந்த வேளையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஆயர் லியோவுக்குப் பின் ஆயர் எட்மண்ட் பெர்னாண்டோவும், 1997 முதல் ஆயர் வின்ஸ்டன் பெர்னாண்டோவும் மறைமாவட்டத்தை வழிநடத்தினர். 2023இல் ஆயர் ஜூட் நிஷாந்த சில்வா நான்காவது ஆயராக நியமிக்கப்பட்டார். அரை நூற்றாண்டில் நான்கு ஆயர்கள். அவர்களின் பெயர்களை வரலாறு குறித்து வைத்திருக்கிறது. ஆனால் அந்த ஐம்பது ஆண்டுகளும் ஒவ்வொரு தோட்டத்திலும் விளக்கு அணையாமல் காத்தவர்கள் யார்?

தேயிலைக்கும் மூத்த ஊழியம்

இலங்கைத் திருச்சபையின் வரலாற்றில் பொதுநிலையினர் தலைமை இன்று தோன்றிய புதுமை அன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டிருந்த நாட்களில், 1687இல் கோவாவிலிருந்து வந்த யோசேப் வாஸ் அடிகளார் நாடெங்கும் கால்நடையாகச் சென்றார். அவரால் எல்லா ஊரிலும் தங்க இயலவில்லை. ஆகவே ஊருக்கு ஊர் மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் பொறுப்பில் அமர்த்தினார். குரு இல்லாத மாதங்களில் அவர்களே மக்களைக் கூட்டிச் செபித்தனர், சிறுவருக்கு மறைக்கல்வி புகட்டினர், மரணப் படுக்கையில் இருந்தோருக்குத் துணை நின்றனர். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தியபோது, பெயர் அறியப்படாத அந்த மூப்பர்களும் ஒருவகையில் மகிமை பெற்றார்கள் எனலாம்.

சீர்திருத்தச் சபைகளிலும் கதை வேறல்ல. 1854இல் கோப்பித் தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்வதற்கென ‘தமிழ்க் கூலி மிஷன்’ தொடங்கப்பட்டது. திருநெல்வேலியில் பணிபுரிந்த செப்டிமஸ் ஹொப்ஸ் என்னும் குருவானவர் அதனை வழிநடத்த வந்தார். ஆனால் மலைகளில் ஏறி இறங்கியவர்கள் திருநெல்வேலியிலிருந்து வரவழைக்கப்பட்ட உபதேசியார்கள். பகலில் மக்கள் வேலைத்தலத்தில் இருந்ததால், அதிகாலைப் பிரட்டுக்களத்திலும் மாலை நேர லயத்து வாசலிலுமே அவர்கள் மக்களைச் சந்திக்க முடிந்தது. அந்த மிஷனுக்குத் தோட்டத் துரைமாரும் பணம் கொடுத்தனர் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. துரையின் பணத்தில் வாழும் உபதேசியார் தொழிலாளியின் துயரை எவ்வளவு உரத்துப் பேச முடியும் என்னும் கேள்வி அன்றே எழுந்திருக்க வேண்டும். மிஷனின் பெயரிலேயே ‘கூலி’ என்னும் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. நற்செய்தி கொண்டுவந்தவர்களும், தாம் தேடி வந்த மக்களைக் கணக்கேட்டின் சொல்லாலேயே அழைத்தனர். அச்சொல் பிற்காலத்தில் நீக்கப்பட்டது.

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயத்தை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். 1857இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அங்கிலிக்கன் ஆலயம், 1845இல் அப்புத்தளையருகே மின்னல் தாக்கி இறந்த மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுப்பப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர் என்றும் அவர் பெயர் பெற்றவர். அதிகாரியின் பெயர் கல்லில் நிலைத்துவிட்டது. அதே மலைகளில் நடந்து தேய்ந்த உபதேசியார்களின் பெயரைத் தேட வேண்டுமானால் பழைய அறிக்கைகளின் மூலைகளில்தான் தேட வேண்டும்.

யார் யார், என்ன பணி?

இன்றைய ஒரு தோட்டப் பங்கை எடுத்துக்கொள்வோம். நகரத்தில் பங்கு ஆலயம். சுற்றியுள்ள தோட்டங்களில் பல சிற்றாலயங்கள். பங்குத்தந்தை ஒருவர், சில இடங்களில் உதவிப் பங்குத்தந்தையும் உண்டு. அவர் ஒரே ஞாயிறில் எல்லா இடங்களுக்கும் செல்ல இயலாது. பாதை பழுது, எரிபொருட் செலவு, மழை ஆகியவையும் அவருக்கு எதிராக நிற்கின்றன. ஆகவே பல சிற்றாலயங்களில் எல்லா ஞாயிறும் திருப்பலி இல்லை.

அவருக்கு அடுத்து அருட்சகோதரிகள். பாலர் பாடசாலை, தையல் வகுப்பு, நோயாளர் சந்திப்பு என லயத்தின் உட்புறத்தை அறிந்தவர்கள் அவர்களே. குருவானவரிடம் சொல்ல முடியாத துயரத்தை ஒரு தாய் அருட்சகோதரியிடம் சொல்லுவாள்.

உபதேசியார் மூன்றாமவர். குரு வராத நாட்களில் இறைவார்த்தை வழிபாட்டை நடத்துபவர்; திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் மக்களை ஆயத்தம் செய்பவர்; எந்த வீட்டில் யார் நோயுற்றார், எந்தப் பிள்ளை பாடசாலையை விட்டு நின்றது என்பதை அறிந்தவர். பலவேளைகளில் அவரும் ஒரு தோட்டத் தொழிலாளி அல்லது ஓய்வுபெற்ற தொழிலாளி.

பின்னர் மறைக்கல்வி ஆசிரியர்கள், பாடகர் குழுவினர், பீடப்பணிச் சிறுவர், ஆலயத்தைத் துப்புரவாக்குபவர், பங்கு அலுவலகத்தில் பதிவேடுகளைப் பேணுபவர், மரியாயின் சேனையினர், வின்சென்ட் டி போல் சபையினர், இளைஞர் ஒன்றியத்தினர். இவர்களுடன் பங்குச் சபையும் நிதிக்குழுவும். அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளிலும் பெயர்கள் மாறினாலும் பணிகள் ஏறக்குறைய இவையே.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 537ஆம் சட்டப்படி, ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும். ஆனால் 536ஆம் சட்டப்படி, ஆயர் தகுந்ததெனக் கருதினால் மட்டுமே பங்கு மேய்ப்புப்பணிச் சபை அமைக்கப்படும். அதற்கும் ஆலோசனை கூறும் உரிமை மட்டுமே உண்டு. அதாவது பணத்தைக் கணக்கிடக் குழு கட்டாயம். மக்களின் குரலைக் கேட்கும் சபை விருப்பத்துக்குரியது. இந்த ஏற்றத்தாழ்வு உலகெங்கும் உணரப்பட்டதனால்தான் அண்மைக்கால மாற்றங்கள் தோன்றின.

உரோமையில் எழுந்த காற்று

2021ஆம் ஆண்டு ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிநிலைகளைப் பெண்களுக்கும் திறந்துவிட்டார். அதே ஆண்டு மே மாதம் வேதியர் பணியை, அதாவது நமது மக்கள் வழக்கில் உபதேசியார் பணியை, திருச்சபையின் அதிகாரபூர்வமான பொதுநிலைத் திருப்பணியாக நிறுவினார். அதே ஆண்டு தொடங்கிய, ஒருங்கிணைந்து பயணிக்கும் திருச்சபை பற்றிய உலக ஆயர் மாமன்றம் 2024 ஒக்டோபரில் நிறைவுற்றது. அதன் இறுதி இரு அமர்வுகளிலும் பெண்கள் உட்படப் பொதுநிலையினர் முதன்முறையாக வாக்களித்தனர். மறைமாவட்ட, பங்கு மட்டங்களிலான ஆலோசனைச் சபைகள் கட்டாயமாக்கப்பட வேண்டும் எனவும், பொறுப்பிலுள்ளோர் கணக்குக் கொடுக்க வேண்டும் எனவும் அதன் இறுதி ஆவணம் கேட்டுக்கொண்டது. 2025 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் மறைந்தார். மே மாதம் திருத்தந்தை பதினான்காம் லியோ தெரிவு செய்யப்பட்டார். ஆனால் எழுந்த கேள்விகள் மறையவில்லை.

இந்தச் செய்திகளைக் கேட்கும்போது ஊவாவின் முதிய உபதேசியார் ஒருவர் புன்னகை செய்யக்கூடும். நூற்றாண்டுகளாக அவரும் அவருடைய முன்னோரும் செய்து வந்த ஊழியத்துக்கு 2021இல்தான் முறையான அங்கீகாரம் வந்தது. மூன்று தலைமுறை உழைப்புக்கு இப்போதுதான் முழுப்பேர் போடப்பட்டது. அந்த அங்கீகாரம் உரோமையின் ஏட்டில் இருந்தால் போதாது. பசறையிலும் பூனாகலையிலும் உள்ள சிற்றாலயத்தின் வாசல்வரை வந்து சேர வேண்டும். தோட்டத்தை விட்டு இளைஞர் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலை தேடிச் செல்லும் இக்காலத்தில், முதிய உபதேசியாருக்குப் பின் யார் என்னும் கேள்விக்குப் பல இடங்களில் பதில் இல்லை. அவர் கண்ணை மூடும் நாளில் அந்தச் சிற்றாலயத்தின் கதவும் மூடப்படலாம்.

மண் சரியும் இரவில்

பொதுநிலைத் தலைமை என்பது ஞாயிறு வழிபாட்டு ஒழுங்கைப் பற்றிய விடயம் மாத்திரமன்று. உயிரைப் பற்றிய விடயமும் ஆகும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய துயரத்தை நாம் மறக்கவில்லை. அவ்விடம் ஆபத்தானது என முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், செல்வதற்கு வேறு நிலமோ வீடோ இல்லாத மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். பதினொரு ஆண்டுகளின் பின், 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளி கொண்டுவந்த பெருமழையில் மீண்டும் மலைகள் சரிந்தன. நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்; பதுளை மாவட்டமும் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளில் ஒன்று.

இத்தகைய இரவில் பாதை துண்டிக்கப்பட்டிருக்கும். தொலைபேசி இயங்காது. பங்குத்தந்தை வர முடியாது. அரச அதிகாரியும் வர முடியாது. எந்த லயத்தில் எத்தனை பேர், எந்த அறையில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி, எந்த வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி என்பதை அந்நேரத்தில் அறிந்திருப்பவர் யார்? அதே லயத்தில் வாழும் உபதேசியார், மாதர் சங்கத் தலைவி, மறைக்கல்வி ஆசிரியை, இளைஞர் குழுத் தலைவர். கிறிஸ்தவர், இந்து என்னும் வேறுபாடு அவ்விரவில் இல்லை. ஆலயத்தின் மணி எல்லோருக்கும் ஒலிக்கும். ஆகவே ஒரு பங்கு தன் பொதுநிலைத் தலைவர்களைத் தெரிந்து, பயிற்றுவித்து, பொறுப்பளிக்கும்போது, அது தன் அயலவரின் உயிர்காப்புக்கும் ஆயத்தமாகின்றது.

கூட்டம் எப்போது? எந்த மொழியில்?

அப்படியானால் நமது பங்குச் சபைகளில் தோட்ட மக்கள் போதியளவு இருக்கின்றனரா? மனச்சாட்சியைக் கேட்டுப் பார்ப்போம். பெரும்பாலும் நகரத்தில் வாழும் ஆசிரியர், அலுவலர், வியாபாரி ஆகியோரே முன்வரிசையில் அமர்கின்றனர். அவர்களின் சேவையைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. ஆனால் வேலைநாளில் நகரத்தில் கூட்டம் வைத்தால், கொழுந்து நிறுத்துவிட்டு இருள் சூழும் வேளையில் வீடு திரும்பும் பெண் எவ்வாறு வர முடியும்? 2024இல் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் அதனை 1,550 ரூபாவாக உயர்த்தவும், வேலைக்கு வரும் நாளுக்கு மேலும் 200 ரூபா ஊக்குவிப்பு வழங்கவும் முன்மொழியப்பட்டது. உயர்வு வரவேற்கத்தக்கது. ஆனால் கூலி வருகையோடு பிணைக்கப்பட்டிருக்கும்போது, கூட்டத்துக்காக ஒரு நாளை இழப்பது அவள் பிள்ளைகளின் உணவை இழப்பதாகும். அவளால் வர இயலாத நேரத்தில் கூட்டத்தை வைத்துவிட்டு, ‘தோட்டத்து மக்களுக்கு அக்கறையில்லை’ என்று கூறுவது நீதியாகுமா?

மொழியும் ஒரு கேள்வி. ஊவாவின் பல பங்குகளில் சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் ஒரே பீடத்தைச் சூழ்ந்து நிற்கின்றனர். இது ஒரு வரப்பிரசாதம். நாடு பிளவுண்டு நின்ற காலங்களிலும் ஒரே அப்பத்தைப் பகிர்ந்த சமூகம் இது. ஆயினும் அறிவித்தல்கள், கணக்கறிக்கை, கூட்டக் குறிப்பு ஆகியன ஒரு மொழியில் மட்டும் வரும்போது மற்றவர் மௌனமாகி விடுகின்றனர். மௌனம் சம்மதம் என எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

இங்கே திருத்தூதர் பணிகள் ஆறாம் அதிகாரம் நமக்கு வழிகாட்டுகின்றது. எருசலேம் சபையில் எழுந்த முதல் முறைப்பாடு எதைப் பற்றியது? அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்பதே. பாதிக்கப்பட்டவர்கள் ஏழைகள், பெண்கள், வேற்று மொழியினர். திருத்தூதர்கள் அந்த முறைப்பாட்டை அடக்கவில்லை. முறையிட்டவர்களைக் கலகக்காரர் என்று சொல்லவுமில்லை. சபையாரை அழைத்து, நற்சாட்சி பெற்ற எழுவரைத் தெரிந்துகொள்ளும்படி கேட்டனர். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என அங்கே எழுதப்பட்ட ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். புறக்கணிக்கப்பட்டதாக முறையிட்ட தரப்பினரிடமே சபை பொறுப்பை ஒப்படைத்திருக்கிறது என எண்ண இடமுண்டு. அதன் பின்னர் இறைவார்த்தை பெருகியது என்று அதே பகுதி சொல்கின்றது.

‘பொதுநிலையினருக்கு அதிகாரம் கொடுத்தால் தோட்டத்துத் தொழிற்சங்கப் போட்டியும் அரசியலும் ஆலயத்துக்குள் நுழைந்துவிடும்’ என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. பதவிக்காக அணிகள் பிரிந்த சபைகளையும், ஒரே குடும்பத்தின் கையில் ஆண்டுக்கணக்காக இருந்த பெட்டிச் சாவிகளையும் நாம் அறிவோம். தலைமையை மாலையாகவும் முன்னாசனமாகவும் எண்ணும் பலவீனம் குருக்களிடமும் உண்டு, பொதுநிலையினரிடமும் உண்டு. இதற்கு மருந்து, பொறுப்பை ஒரு சிலரிடம் முடக்கி வைப்பதன்று. குறித்த காலத்துக்கு மட்டும் பதவி, எல்லோர் முன்னிலையிலும் இரு மொழிகளிலும் வாசிக்கப்படும் கணக்கு, பெண்களுக்கும் இளைஞருக்கும் உறுதியான இடம் ஆகியவையே மருந்து. சீடர்களின் பாதங்களைக் கழுவிய ஆண்டவரின் சபையில் தலைமைக்கு வேறு இலக்கணம் இல்லை.

நாம் செய்யக்கூடியது

அன்பான வாசகரே, பெரிய மாற்றங்களுக்காகக் காத்திராமல் இந்த ஞாயிறே நாம் தொடங்கலாம். வழிபாடு முடிந்தபின் உங்கள் ஆலயத்தைக் கூட்டித் துப்புரவாக்குபவரிடம் சென்று அவருடைய பெயரைக் கேளுங்கள். பல ஆண்டுகள் ஒரே ஆலயத்தில் வழிபட்டும் அந்தப் பெயரை நாம் அறியாமல் இருந்திருக்கலாம். உங்கள் தோட்டத்தில் பணியாற்றி மறைந்த உபதேசியார்களின் பெயர்களை, அவர்களை நினைவில் வைத்திருக்கும் முதியோர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். குருக்களின் பெயர்ப்பலகைக்கு அருகில் அவர்களுக்கும் ஒரு பலகை வையுங்கள். ஆண்டில் சில தடவையாவது பங்குச் சபைக் கூட்டத்தை நகரத்திலிருந்து தோட்டத்துக்குக் கொண்டு செல்லுங்கள். மாலைக் கொழுந்து நிறுத்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகள் உண்டபின் வைக்கலாம், அல்லது ஞாயிறு நண்பகலில் வைக்கலாம். உபதேசியாருக்குப் பயணச் செலவும் மருத்துவ உதவியும் கிடைக்கின்றனவா என்று நிதிக்குழுவிடம் கேளுங்கள். ஊழியத்தைப் புகழ்ந்துவிட்டு ஊழியரைப் பட்டினி போடுவது பக்தி ஆகாது. வேலைக்காரன் தன் கூலிக்குத் தகுதியுள்ளவன் என்று போதித்தவர் நம் ஆண்டவர் அல்லவா?

குருவானவர்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். புதிய பங்கைப் பொறுப்பேற்கும் நாளில் உங்களை மக்களுக்கு அறிமுகம் செய்கின்றனர். அதே நாளில் மக்கள் தலைவர்களை நீங்கள் பெயர் சொல்லி அழைத்து அறிமுகம் செய்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! பவுல் அதுவரை உரோமைக்குச் சென்றதே இல்லை. ஆயினும் அங்குள்ள 20க்கும் மேற்பட்டோரைப் பெயர் சொல்லி வாழ்த்தினார்.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. நாட்டின் பட்டியலில் பெயர் இல்லாமல் அவர்கள் பல பத்தாண்டுகள் வாழ்ந்தனர். அந்தக் காலத்திலும் அவர்களுள் கிறிஸ்தவர்களாக இருந்தோரின் பெயர் ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது. அது திருமுழுக்குப் பதிவேடு. தந்தையின் பெயர், தாயின் பெயர், தோட்டத்தின் பெயர், பிள்ளையின் பெயர். நாடு பேர் போட மறுத்தவர்களுக்கு ஆலயம் பேர் போட்டது. அந்த ஆலயமே பின்னர் அவர்களுக்கு அரைப்பேர் போடலாமா?

நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என யோவான் நற்செய்தி பத்தாம் அதிகாரம் கூறுகின்றது. அவரிடம் தராசு இல்லை. நிறை குறைந்ததென்று பாதியாக்கும் கணக்கேடும் இல்லை. கடைசி மணி நேரத்தில் திராட்சைத் தோட்டத்துக்கு வந்தவனுக்கும் அவர் முழுப்பேர் போட்டார். அவருடைய ஆலயத்தில் நாமும் அவ்வாறே செய்வோமாக.

செபம்: ஆண்டவரே, எங்கள் ஆலயங்களில் மறைவாக உழைப்பவர்களின் பெயர்களை நீர் அறிந்திருக்கிறீர். அவற்றை நாங்களும் அறியச் செய்யும். எங்கள் மேய்ப்பர்களுக்குத் தாழ்மையையும், எங்கள் தலைவர்களுக்கு நேர்மையையும், பேச அஞ்சி நிற்பவர்களுக்குத் துணிவையும் தாரும். மலைச்சரிவுகளில் அச்சத்தோடு உறங்கும் குடும்பங்களைக் காத்தருளும். ஆமென்.